ஊஞ்சல் பாட்டும் ஒரு வார்த்தையும்

"கயிறு யாருக்கு?"

ஆர்மெல் கேட்டது இவ்வளவுதான். அதுவும் கத்தியெல்லாம் கேட்கவில்லை... சந்தையில் கேட்கிற மாதிரி, சாதாரணமாக. தோளில் அறுபது முழம் புத்தம்புதுக் கயிறு. தலையில் மழையில் ஊறிய தொப்பி. கன்னத்தில் ஒட்டிக்கொண்ட ஈர முடி. ஜுவான்வில் ஸ்டூடியோவின் பெரிய கதவை முழங்காலால் தள்ளித் திறந்து உள்ளே வந்தவள், கண்ணில் பட்ட முதல் ஆளிடம் கேட்டாள்.

பியானோ நின்றது.

ஆணி அடித்துக்கொண்டிருந்தவனின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. இறகு விசிறிகளோடு ஆடிப் பழகிக்கொண்டிருந்த பன்னிரண்டு பெண்களும் ஒரே நொடியில், ஒரே மாதிரி நின்றார்கள். ஒத்திகை ஆரம்பித்த நாளிலிருந்து அவர்கள் சேர்ந்தாற்போல் நின்றது அதுதான் முதல் தடவை என்று டைரக்டர் பூஷ்ரோன் பிறகு வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எதையாவது உடைச்சுட்டேனா?" என்று ஆர்மெல் காலடியில் பார்த்தாள்.

பதில் மேலேயிருந்து வந்தது. செட்டுக்கு மேலே, விளக்குகளும் கப்பிகளும் தொங்கும் மரப் பரணிலிருந்து ஒருவன் ஏணி வழியாகச் சறுக்கிக்கொண்டே இறங்கினான். இருபத்தெட்டு வயதிருக்கும். சட்டைக் கை முழங்கை வரை சுருட்டியிருந்தது. முகத்தில் தூசி, தூசிக்கு நடுவே இரண்டு சாம்பல் நிறக் கண்கள்... மழை வருமுன் மார்ன் நதி இருக்குமே, அந்த நிறம்.

"நீங்க இப்ப என்ன சொன்னீங்க?"

"கயி..."

பன்னிரண்டு பெண்களும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"சொல்லாதீங்க," என்றான் அவன்.

"நீங்கதானே கேட்டீங்க, என்ன சொன்னேன்னு?"

"கேட்டேன். திரும்பச் சொல்லச் சொல்லல."

"பின்ன இதை என்னன்னு சொல்றதாம்?" ஆர்மெல் தன் தோளைத் தட்டிக் காட்டினாள்.

"நூல்."

ஆர்மெல் கயிற்றைப் பார்த்தாள். கட்டைவிரல் தடிமன். அவனைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பின் அறிகுறியே இல்லை.

"இந்த நூல்ல பொத்தான் தைக்கிறதா இருந்தா, சட்டை யாருக்கு... யானைக்கா?"

எங்கேயோ ஒரு சிரிப்பு வெடித்தது. அட்டையால் செய்த படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டியும் பன்றிக்கறியும் தின்றுகொண்டிருந்த ஒரு சின்னப் பெண். சிரித்துவிட்டு, மாட்டிக்கொண்டவள் போல வாயை மூடினாள்.

"நான் ஒக்தாவ் தெவேன்," என்றான் அவன். "இந்தப் பரண் என் பொறுப்பு, மத்மசேல். இந்தக் கூரைக்குக் கீழ அந்த வார்த்தையை யாரும் சொல்றதில்ல. எங்க தாத்தா காலத்துல நாடகக் கொட்டகையில சொல்லல. நாங்க சினிமாவிலயும் சொல்றதில்ல. சொன்னா கெட்டது நடக்கும்."

"நான் சொல்லிட்டேனே. இப்ப என்ன பண்றது?"

"சொன்னவங்க, இங்க இருக்கிற எல்லாருக்கும் ஒரு சுற்று ஒயின் வாங்கித் தரணும். அப்பதான் தோஷம் கழியும்."

"எல்லாரும்னா?"

"நாற்பத்து மூணு பேர்."

"விசிறிக்காரங்களையும் சேர்த்தா?"

"அவங்கதான் அதிகம் குடிப்பாங்க."

சண்டை போடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆர்மெல் கயிற்றைக் கீழே இறக்கி வைத்தாள். கையைத் தட்டிக்கொண்டாள்.

"சரி. மதியம். எந்தக் கடை?"

அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். எதிர்த்துப் பேச நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தவனிடம் ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. "மூன்று தவளை... ஆத்தோரம்," என்று முணுமுணுத்துவிட்டு ஏணியில் ஏறிக்கொண்டான். பாதி ஏணியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஆர்மெல் அதைக் கவனிக்காத மாதிரிக் கவனித்துக்கொண்டாள்.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு அக்டோபரில். ‘நிலாவுக்கு ஒரு ஊஞ்சல்' என்று ஒரு பாட்டுப் படம். கதை ஒன்றும் பெரிதில்லை... பணக்கார மாப்பிள்ளை, தொலைந்துபோன நாய்க்குட்டி, ஆறு பாட்டு. இன்றைக்கு அந்தப் படத்தை யாராவது தேடிப் பார்க்கிறார்கள் என்றால் அந்தப் பணக்கார மாப்பிள்ளைக்காக இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்ற அந்தச் சின்னப் பெண்ணுக்காக. அப்போது ஸெலி மொரான் என்றால் தெருவில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பூ விற்கும் பெண் வேஷம், ஒரே ஒரு பாட்டு. ஆறு வருஷம் கழித்து அவள் முகம் இல்லாத சுவர் பாரிஸில் இல்லை.

அந்த ஸெலிதான் மதியம் மூன்று தவளைக் கடையில் ஆர்மெல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யானைச் சட்டை... ரொம்ப நேரம் சிரிச்சேன்க்கா. ஆனா ஒக்தாவைத் தப்பா நினைக்காதீங்க."

"தப்பாவா? நூலுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளைப் பத்தி நான் எதுக்கு நினைக்கப் போறேன்?" என்றாள் ஆர்மெல். ஆனால் கண், எதிர்மூலையில் ஒயின் டம்ளரைச் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தவன் மேல்தான் இருந்தது.

ஸெலி குரலைத் தாழ்த்தினாள். "அவரோட அப்பாவும் பரண் ஆளுதான். நாடகக் கொட்டகையில. ஒரு நாள் காலையில யாரோ அந்த வார்த்தையைச் சொல்லிட்டாங்களாம். சாயங்காலமே அப்பா மேலேருந்து விழுந்துட்டார். அப்ப ஒக்தாவுக்கு ஒன்பது வயசு. அன்னிலேருந்து அவர் அதைச் சொன்னதே இல்ல. இங்க மட்டும் இல்ல... எங்கேயும்."

"எங்கேயும்னா? கடையில, வீட்டுல..."

"எங்க ஆளுங்க மூணு பேர் எங்க உட்கார்ந்தாலும் அது பரணுக்குக் கீழதான். நீங்களும் இங்க வாயைக் கட்டிக்கோங்க. இன்னொரு சுற்று கேட்பாங்க."

ஆர்மெல் தன் வீட்டுக் கடைப் பலகையை நினைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா ஹெர்வே கெர்வெல்லா, கடற்கரை ஊரிலிருந்து வந்து மார்ன் நதிக்கரையில் கடை போட்டவர். சரக்குப் படகுக்காரர்களுக்கு வேண்டிய சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் கடைக்கு மேலே ஒரு முழ உயர நீல எழுத்தில் இருப்பது இரண்டே வார்த்தை. முதலாவது, கெர்வெல்லா. இரண்டாவது... சரி, அதைத்தான் இங்கே சொல்லக் கூடாதே.

எதிர்மூலையிலிருந்து ஒக்தாவ் ஏறிட்டுப் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன்தான் திருப்பிக்கொண்டான், காதுவரை சிவந்து.

*

புதுக் கயிற்றை வாங்கின அன்றே ஆளைத் தொங்கவிடக் கூடாது. முதலில் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கப்போட்டு, நீளுகிற அளவு நீள விட வேண்டும். பத்து நாள். தினமும் அளந்து பார்க்க வேண்டும். அளக்க ஒக்தாவுக்கே தெரியும். ஆனாலும், "கடைக்காரங்க வந்து பார்த்தா நல்லது," என்று சொல்லி அனுப்பினான்.

"கடைக்காரர்னா நானா?" என்று கேட்டார் அப்பா.

"உங்களுக்கு மூட்டு வலி. நான் போறேன்," என்றாள் மகள், அதற்குள் தொப்பியை மாட்டிக்கொண்டு.

பத்து நாளும் மழை. பத்து நாளும் போனாள். மணல் மூட்டைக்குப் பக்கத்தில் இருவரும் அளவுகோலோடு குனிந்திருப்பார்கள்.

"நேத்தைக்கு இன்னிக்கு ரெண்டு விரல் நீண்டிருக்கு... உங்க நூல்," என்பான்.

"என் நூல் இல்ல. உங்க நூல். நான் கொண்டுவந்தது வேற," என்பாள்.

"பிடிவாதம்."

"யாருக்கு?"

ஏழாம் நாள் பழையதற்கு மாற்றாக இன்னொரு சுருள் கேட்டிருந்தான். அதை எடுத்துவர அவனே கடைவாசலுக்கு வந்து, அவளோடு ஆற்றங்கரையில் நடந்தான். சுருள் அவன் தோளில். மழை வலுத்தது. குடையை விரித்தான்... விரித்து, தனக்கும் பிடிக்காமல், அவளுக்கும் பிடிக்காமல், தோளிலிருந்த சுருளுக்குப் பிடித்தான்.

ஆர்மெல் நின்றுவிட்டாள். மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நல்ல மனுஷன் நீங்க."

"நீங்க நனைஞ்சா காஞ்சிடுவீங்க. இது நனைஞ்சா சுருங்கிடும்."

"எனக்கு ஜலதோஷம் பிடிச்சா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், பாவம். பிறகு குடை மெதுவாக, அங்குலம் அங்குலமாக, அவள் பக்கம் நகர்ந்தது. சுருளும் நனைந்தது. அவனும் நனைந்தான். குடைக்குள் அவள் மட்டும் இருந்தாள்... அந்தக் குடைக்குள்ளேதான் அவளுக்குத் தெரிந்தது. இந்த ஆள் வேண்டும். வேறு யாரும் வேண்டாம். அவ்வளவு தெளிவாக அதற்குமுன் எதுவும் அவளுக்குத் தெரிந்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க, முசியே ஒக்தாவ்," என்றாள். "அப்பாவைப் பார்க்கணும் நீங்க."

"வரேன்," என்றான். அப்புறம், கொஞ்சம் தயங்கி, "...உங்களுக்காக வரேன்," என்றான்.

*

ஞாயிறு மதியம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆர்மெல் மட்டியை வெங்காயமும் ஒயினும் போட்டு வேகவைத்திருந்தாள். சொந்த ஊர் ஆப்பிள் மது இருந்தது. ஒக்தாவ் தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவி, கழுத்தில் டை கட்டி வந்திருந்தான். அப்பாவுக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போனது அவருடைய மீசையிலேயே தெரிந்தது.

"அப்ப, பரண்ல என்ன வேலை தம்பி?"

"எல்லாம் நூல் வேலைதான், முசியே கெர்வெல்லா."

அப்பாவின் கையில் இருந்த மட்டி ஓடு பாதி வழியில் நின்றது. "நூலா?"

"ஆமா. உங்க நூல் மாதிரி நான் பார்த்ததே இல்ல. என்ன முறுக்கு, என்ன உறுதி. பாரிஸ் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு நூல் கிடைக்காது."

மனதாரச் சொன்னான். ஒவ்வொரு ‘நூலு'க்கும் அப்பாவின் முகம் கறுத்துக்கொண்டே போனதை அவன் பார்க்கவில்லை. ஆர்மெல் பார்த்தாள். மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு வெட்கப்பட்டான்.

"ஆர்மெல்," என்றார் அப்பா, "மூணு தலைமுறையா நாம தையல்காரங்களாம். இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

எழுந்து கடைக்குள் போனார். மூன்று துண்டுகளோடு திரும்பி வந்தார். முதல் துண்டை மேஜை மேல் போட்டார்.

"இது என்ன?"

ஒக்தாவ் எச்சில் விழுங்கினான். "...நூல்."

இரண்டாவது. "இது?"

"கொஞ்சம் தடிச்ச நூல்."

மூன்றாவது விழுந்த வேகத்தில் டம்ளர்கள் குதித்தன. மணிக்கட்டுப் பருமன். "இது நூறு டன் சரக்குப் படகைக் கட்டறது. இது என்ன, தம்பி?"

"...ரொம்பத் தடிச்ச நூல், முசியே."

ஆர்மெலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. ஆனால் அப்பா சிரிக்கவில்லை.

"எங்க தொழிலோட பேரைச் சொல்ல வாய் கூசுறவன் இந்த வீட்டு மருமகனா வர வேண்டாம். அந்தப் பேர் வாசல்ல எழுதியிருக்கு. அதுக்குக் கீழ குனிஞ்சுதான் உள்ள வந்தீங்க."

வாசலில் ஆர்மெல் அவனோடு நின்றாள். தலைக்கு மேலே நீல எழுத்து. மழை அதன்மேல் வழிந்துகொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவை," என்றாள். "இங்க உங்க ஆளுங்க யாரும் இல்ல. ஒருத்தருக்கும் தெரியாது. அப்பாவுக்காக வேண்டாம். எனக்காகச் சொல்லுங்க."

அவன் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. வெளுத்துப்போன முகத்தோடு வாயை மூடிக்கொண்டான்.

"என்னால முடியல."

"அப்ப என்னாலயும் முடியாது," என்றாள் ஆர்மெல். எனக்காக ஒரு வார்த்தை... ஒரே வார்த்தை செலவழிக்க மாட்டேன் என்கிறானே. "அந்த வார்த்தையைச் சொல்ற அன்னிக்கு வாங்க. அதுவரைக்கும் வராதீங்க."

அவன் குடையை மறந்துவிட்டுப் போனான். அவள் அதை மடக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். அப்புறம் அடுப்படியில் போய் நின்று, ஆறிப்போன மட்டிப் பாத்திரத்தைப் பார்த்து அழுதாள்.

*

வியாழக்கிழமை ஊஞ்சல் பாட்டு.

ஆர்மெல் போகாமல் இருந்திருப்பாள். ஆனால் பாட்டில் மழை வருகிறது, மழையில் புதுக் கயிறு எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கக் கடையிலிருந்து ஆள் வேண்டும் என்று டைரக்டரே சொல்லி அனுப்பினார். போனாள். நல்ல சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு போனாள். தோற்றவள் மாதிரிப் போக அவளுக்குத் தெரியாது.

பரணிலிருந்து ஒக்தாவ் அவளைப் பார்த்தான்.

ஸெலி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். அவள் பாடப் பாட ஊஞ்சல் மெல்ல மேலே போகும், அட்டை நிலா வரைக்கும். நீர்க்குழாயிலிருந்து மழை பெய்யும். ஊஞ்சலின் கயிறு பரணில் ஒரு கப்பி வழியாகப் போய், பக்கவாட்டில் கீழே இறங்கியது. அதை ஒக்தாவின் ஆட்களான ஜூலும் பெரிய லெயோனும் பிடித்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், கயிற்றைச் சுற்றிக் கட்ட நட்டுவைத்த ஒரு குத்துக்கட்டை. கட்டையைச் சுற்றி இன்னும் நாலைந்து மெல்லிய இழைகள் தொங்கின... ஒன்று நிலாவுக்கு, ஒன்று மேகத்துக்கு, ஒன்று கடைசியில் கொட்ட வேண்டிய காகிதப் பூ மூட்டைக்கு. ஆர்மெல் ஐந்தடி தள்ளி நின்றாள்.

"ஸெலி, பயமா இருக்கா?" என்று டைரக்டர் கேட்டார்.

"இல்ல முசியே. குளிருது," என்றாள் ஸெலி. "சீக்கிரம் பாடிடறேன்."

சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடி அறைக்குள் சவுண்டுக்காரர் தியோஃபில் கை காட்டினார். கேமரா ஓடியது. மழை பெய்தது. ஸெலி பாட ஆரம்பித்தாள்... அந்தக் குரலில் என்ன இருந்ததோ, விசிறிக்காரப் பெண்கள் மூச்சுவிடவில்லை. ஊஞ்சல் ஏறியது. பத்தடி. பதினைந்தடி.

நனைந்த தரையில் ஜூலுக்குக் கால் சறுக்கியது. விழுந்த வேகத்தில் லெயோனின் காலையும் வாரிவிட்டான். லெயோன் ஒரு கையால் தொங்கிப் பார்த்தான், கை வழுக்கியது. கயிறு ஓட ஆரம்பித்தது.

"நூலைப் பிடிங்க," என்று மேலேயிருந்து குரல் வந்தது. "நூலை!"

நூல் என்றால் ஆர்மெலுக்கு நூல்தான். அவள் வளர்ந்த வீட்டில் மெல்லியது நூல். பாய்ந்து, கைக்கெட்டிய மெல்லிய இழையைப் பிடித்து இழுத்தாள். மூட்டை அவிழ்ந்து ஆயிரம் காகிதப் பூ எல்லார் தலையிலும் கொட்டியது. ஊஞ்சல் இறங்கிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது.

"கயிறு! ஆர்மெல், கயிறு... கயிறைப் பிடி!"

அவள் யோசிக்கவில்லை. தன் வீட்டு வார்த்தை. காதில் விழுந்ததும் கை தானாகப் போயிற்று. ஓடுகிற கயிற்றைப் பிடித்தாள். இழுக்கவில்லை, படகு கட்டுகிறவர்கள் இழுக்க மாட்டார்கள்... குத்துக்கட்டையைச் சுற்றி ஒரு சுற்று, இன்னொரு சுற்று. உள்ளங்கை தீயாய் எரிந்தது. கட்டை முனகியது. கயிறு நின்றது.

தரைக்கு இரண்டு அடி மேலே ஊஞ்சல் நின்றது. தலையெல்லாம் காகிதப் பூவோடு ஸெலி இருந்தாள். இன்னொருத்தியாக இருந்தால் கத்தியிருப்பாள். அவள் ஒரு நொடி திகைத்தாள், பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே, மடியில் விழுந்த ஒரு பூவை எடுத்து முகர்ந்து, பாட்டின் கடைசி வரியை விட்ட இடத்திலிருந்து பாடி முடித்தாள்.

கட் சொல்ல மறந்து நின்றார் பூஷ்ரோன். ஒருவழியாகச் சொல்லிவிட்டுக் கையைத் தட்டினார். "இதுதான். இதைத்தான் வெச்சுக்கப் போறேன்."

கண்ணாடி அறைக் கதவைத் திறந்துகொண்டு தியோஃபில் தலையை நீட்டினார். "வெச்சுக்கலாம். ஆனா சவுண்டுல ஒக்தாவும் இருக்காரு."

நாற்பத்து மூன்று பேரும் மேலே பார்த்தார்கள்.

ஒக்தாவ் பரணின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் கேட்டவன் மாதிரி நின்றான்.

*

அந்த இடத்தில் டைரக்டர் ஒரு பெரிய முரசை அடிக்கச் சொல்லிச் சேர்த்துவிட்டார். இன்றைக்கும் படத்தில் பூ கொட்டும்போது ‘தம்' என்று ஒரு முரசு கேட்கும். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று அந்த நாற்பத்து மூன்று பேருக்குத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் மூன்று தவளைக் கடை நிரம்பி வழிந்தது. யாரோ சைக்கிளில் ஓடிப்போய்ச் சொல்ல, ஹெர்வே கெர்வெல்லாவும் மூட்டு வலியை மறந்து வந்துவிட்டார். மகளின் கட்டுப் போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொன்னானாமே. எத்தனை தடவை?"

"மூணு," என்றார் தியோஃபில். "பதிவு இருக்கு. வேணும்னா வந்து கேளுங்க."

"மூணா? அப்ப மூணு சுற்று."

நம் பக்கத்தில் மூன்று முடிச்சு போட்டால்தான் கல்யாணம். மார்ன் நதிக்கரையில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஆனால் கயிறு என்று வந்துவிட்டால் எந்த ஊரிலும் கணக்கு மூன்றுதான் போலிருக்கிறது.

"வாங்கித் தர்றவன் எங்க?" என்று கேட்டார் அப்பா.

"வெளிய நிக்கறாரு. உள்ள வர மாட்டேங்கறாரு," என்றாள் ஸெலி.

அப்பா மகளைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். "போய்க் கூட்டிட்டு வா. குடை எடுத்துட்டுப் போ... அது அவனோடதுதானே?"

வாசல் கூரைக்கு வெளியே, மழையிலேயே நின்றிருந்தான் ஒக்தாவ். ஆர்மெல் குடையை விரித்து அவனுக்குப் பிடித்தாள். அவன் அவள் கையைப் பார்த்தான்.

"ரொம்ப எரியுதா?"

"கொஞ்சம்."

"என்னாலதான். முதல்லயே ஒழுங்கா சொல்லியிருந்தா..."

"சொல்லிட்டீங்களே."

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றான். "யாருக்கும் சொன்னதில்ல. எங்கப்பா விழுந்த அன்னிக்குக் காலையில அந்த வார்த்தையைச் சொன்னது யாரோ இல்ல. நான்தான். ஒன்பது வயசு. கொட்டகைக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போனேன். ‘அப்பா, எவ்வளவு நீளக் ...' அப்படின்னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, வாயில விரல் வெச்சுக் காட்டினாரு. சாயங்காலம்..."

மழை குடைமேல் சடசடவென்று விழுந்தது. ஆர்மெல் தான் வாசலில் நின்று கேட்டதை நினைத்துப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை, எனக்காக... எதைக் கேட்டோம் என்று தெரியாமலேயே கேட்டிருக்கிறாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள் மெதுவாக. "தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன்."

"இன்னிக்குக் கத்தினேன். கத்தி முடிச்சதும் கண்ணை மூடிக்கிட்டேன். யாரோ விழற சத்தம் கேட்கும்னு நின்னேன்... பாட்டுதான் கேட்டுது." அவன் சாம்பல் கண்கள் ஈரமாக இருந்தன. மழைத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம், இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. "அந்த வார்த்தை யாரையும் கொல்லல, ஆர்மெல். பத்தொன்பது வருஷமா நான்தான்..."

"‘பிடி'ன்னீங்க," என்றாள் அவள்.

"என்ன?"

"என்னைப் பார்த்து. ‘பிடிங்க'ன்னு சொல்லல. ‘பிடி'ன்னு சொன்னீங்க. கை எரிஞ்சதுகூட எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது."

அவன் காதுவரை சிவந்தான். இந்தத் தடவை பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"குடைக்குள்ள நீ நின்ன அன்னியிலேருந்து மனசுக்குள்ள அப்படித்தான் கூப்பிடறேன். உன்னை நேசிக்கிறேன். நீ என்னைக் கட்டிக்கணும். உங்கப்பா என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். பரண் வேண்டாம், வந்து அந்தக் கயிறுக் கடையிலேயே உட்காருன்னு சொன்னாலும் உட்கார்ந்துக்கறேன்..."

சொல்லிக்கொண்டே போனான். அவன் கவனிக்கவேயில்லை. ஆர்மெல் கவனித்தாள். அவள் உதட்டில் சிரிப்பு மெல்ல விரிந்தது.

திறந்திருந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து, கூட்டத்தின் இரைச்சலையும் மீறி அப்பாவின் குரல் கணீரென்று கேட்டது.

"தியோஃபில், கணக்கு மாறிடுச்சு. நாலு."

ஒக்தாவ் திகைத்து ஜன்னலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "நான்... இப்ப சொன்னேனா?"

"சொன்ன," என்றாள் ஆர்மெல், கட்டுப் போட்ட கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு. "உள்ள வா. நாலு சுற்று வாங்கித் தரணும் நீ."